கொப்புளம்

"பள்ளிக்கூடம்னு நம்பி அனுப்பினா, இங்கயும் மம்பட்டியா சேர்?"

இடுப்பில் கட்டிய கொழுந்துச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் அதிபர் அறைக்குள் நுழைந்துவிட்டாள் வெள்ளையம்மா. அதிபர் ராஜதுரை எம்பிலிப்பிட்டிய பக்கமிருந்து மாற்றலாகி வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. தேயிலைத் தோட்டத்து ஆட்களின் முகங்களே இன்னும் பிடிபடவில்லை, அதற்குள் சண்டை வந்துவிட்டது.

"உட்காருங்கம்மா. யாரு மம்பட்டி புடிச்சது?"

"என் புள்ள சேர்! ரெண்டு கையிலயும் கொப்புளம். நேத்து கறியில கை வைக்க முடியாம கரண்டியால சோறு திங்குது. கேட்டா, தோட்டப் பாடமாம்! பாத்தி கட்டி, வல்லாரை நட்டு, அந்த எலையில கொலகெந்தக் கஞ்சி காச்சிக் குடிக்கணுமாம். அத லயத்து வீட்டுல நாங்க செய்யலியா?"

"எங்கேருந்து சாப்பாடு வருதுன்னு புள்ளைங்களுக்குத் தெரியணும்லம்மா..."

"நா அட்டக்கடியில நின்னு கொழுந்து எடுக்குறதே அது கையில மம்பட்டி படக் கூடாதுன்னுதான் சேர்! பாதியில எறங்கி வந்ததுக்குக் கங்காணி இன்னிக்கு அரைப் பேருதான், அரை நாள் சம்பளந்தான் போடுவாரு. போட்டுக்கட்டும். தோட்டத்த மூடுறீங்களா, இல்ல லயத்துச் சனத்தையெல்லாம் கூட்டிக்கிட்டு வரவா?"

அதிபர் நாட்காட்டியைப் பார்த்தார். அந்தத் தோட்டத்தைப் பார்க்கத்தான் நாளைக்கு அதிகாரிகள் வருகிறார்கள்.

"எத்தனாம் வகுப்பு? பேரு என்ன?"

"சொல்ல மாட்டேன். நா இங்க வந்தது தெரிஞ்சாலே அது எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசாது."

"சரி, வாங்க. ஒரு புள்ள கையில கொப்புளம் இருந்தாலும் தோட்டத்த இன்னைக்கே மூடிடுறேன்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவசரப்பட்டுவிட்டோமோ?

கட்டடத்துக்குப் பின்னால், பழைய தேயிலை வேர்களைத் தோண்டி எடுத்த சரிவில், வல்லாரையும் பொன்னாங்காணியும் பாத்தி பாத்தியாகத் தளதளவென்று நின்றன. கொச்சிக்காய் நாற்று நட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் எழுந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளையம்மாவைக் கண்டதும் தனுஜா டீச்சரின் முகம் வெளிறியது. சேலை முந்தானையை இழுத்துக் கைகளில் சுற்றிக்கொண்டாள். பாவம், இந்தத் தோட்டம்தான் அவளுக்கு உயிர்.

"டீச்சர், புள்ள கை புண்ணாப் போச்சாமே? தோட்டத்த மூடச் சொல்றாங்க."

அதிபர் பிள்ளைகளின் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் கைய நீட்டுங்க!"

வரிசையாகக் கைகள் நீண்டன. அதிபர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். சேறு இருந்தது. நகக்கண்ணில் மண் இருந்தது. விதுர்ஷன் என்ற பையனின் கையில் பேனா மைகூட இருந்தது. கடைசிக் கையையும் பார்த்து முடித்த பிறகுதான் அவருக்கு மூச்சு சீராக வந்தது.

"ஒரு கொப்புளமும் இல்லையேம்மா!"

"எங்களுக்கு வெத போடுறது, நாத்து நடுறது, தண்ணி ஊத்துறது மட்டுந்தான் சேர். மம்பட்டியத் தொடவே டீச்சர் விட மாட்டாங்க" என்றாள் கேஷானி என்ற சிறுமி.

"பொறகு இந்த வேரையெல்லாம் தோண்டினது யாரு?"

பிள்ளைகளின் கண்கள் டீச்சர் பக்கம் திரும்பின. வெள்ளையம்மா பிள்ளைகளின் வரிசையைத் தாண்டிப் போனாள். தனுஜா டீச்சர் கைகளில் சுற்றியிருந்த முந்தானையை விலக்கி, இரண்டு கைகளையும் பிடித்து அதிபரின் முன்னால் விரித்தாள். உள்ளங்கை முழுக்க உடைந்த கொப்புளங்கள்.

"இந்தா பாருங்க சேர், என் புள்ள கைய!"

"சண்டைய வீட்டுல வந்து போடும்மா" என்று மெதுவாகச் சொன்னாள் டீச்சர். "இங்க என் புள்ளைங்க பாக்குதுங்க."