மேல் வரிசைக்குத் தண்ணீர்

காலை ஆறரைக்கு வால்வைத் திருகி மேல் வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் விடுவது அவர் வேலை. அங்கே குடியிருந்த தங்கை, குடம் நிறைந்ததும் கரண்டியால் குழாயைத் தட்டுவாள். டங், டங். இரும்புக் குழாய் வழியே சத்தம் வால்வு வரை இறங்கிவரும். அவளுடைய நாலு வயது மகளும் விடமாட்டாள், டம்ளரால் தட்டுவாள். அதன்பிறகுதான் அவர் மூடுவார்.

புயல் மழையில் மலை சரிந்து மேல் வரிசையே மண்ணுக்குள் போனது. தங்கையை மறுநாளே எடுத்து அடக்கம் செய்தார்கள். குழந்தை கிடைக்கவில்லை. உடைந்த குழாயை வால்வுக்குப் பக்கத்திலேயே வெட்டி அடைத்துவிட்டார்கள்.

அவர் மட்டும் ஆறரைக்குத் திறந்துகொண்டிருந்தார்.

"அடைச்ச குழாய்ல யாருக்குண்ணே தண்ணி விடுறீங்க?" என்றான் கூட வேலை பார்ப்பவன்.

"தங்கச்சி தட்டட்டும், மூடிடுறேன்."

சொல்லி வாய் மூடவில்லை, டங், டங் என்று கேட்டது. தினமும் கேட்டது. கரண்டிச் சத்தம் மட்டும்.

பத்தாம் நாள் சாயங்காலம் குழந்தையும் கிடைத்தாள். அம்மாவுக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

மறுநாள் காலையும் கரண்டி தட்டியது. கூட இருந்தவன் வால்வில் கைவைத்தான்.

"மூடிடட்டாண்ணே?"

"கொஞ்சம் இருடா. டம்ளர்ல பாதியக் கொட்டிட்டுத்தான் நிரப்புவா அவ."