பதினெட்டாவது பெயர்

"பதினெட்டு அருங்காட்சியகம் இருந்த பட்டியல் பதினேழா வெளியாகியிருக்கு. அந்த ஒரு பேரை அடிச்சது யாருன்னு இந்தம்மாவையே சொல்லச் சொல்லுங்க!"

துறைமுக அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர் கூட்ட அறையில் எழுந்து நின்று கத்தினார்.

மேஜையின் கோடியில் இருந்த பெண்மணி குனிந்த தலை நிமிரவில்லை. சின்ன அருங்காட்சியகங்களின் கூட்டமைப்புக்காக அரசாங்கத்திடம் போய்ப் பேசும் பொறுப்பு அவருடையது. மந்திரி அறை வாசலிலும் அதிகாரிகள் அறை வாசலிலும் இரண்டு வருஷம் கால்கடுக்க நின்று ஒரு சட்டம் கொண்டுவர வைத்தவர். அந்தச் சட்டத்தின் பட்டியலில் பெயர் இருக்கும் அருங்காட்சியகத்தை யாரும் மூட முடியாது. பெயர் இல்லாவிட்டால் மூடிவிட்டு, இருப்பதையெல்லாம் தலைநகர்க் கிடங்குக்கு ஏற்றிவிடலாம்.

"சொல்லுங்க மேடம், மந்திரியா அடிச்சாரு?"

"இல்ல."

"அதிகாரிங்களா?"

"இல்ல. துறைமுக அருங்காட்சியகத்தோட விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கறோம்னு நான்தான் எழுதிக் கொடுத்தேன்."

அறை சலசலத்தது. கூட்டமைப்பின் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா இது? யாரைக் கேட்டு எழுதிக் கொடுத்தீங்க? காரணமாவது சொல்லுங்க."

அந்தப் பெண்மணி வாயைத் திறந்தார். காப்பாட்சியரை ஒரு தடவை பார்த்தார். "மன்னிக்கணும் சார். காரணத்தைச் சொல்றதுக்கில்ல."

"எப்படிச் சொல்வாங்க?" காப்பாட்சியரின் குரல் உடைந்தது. "கடலைப் பார்த்த கட்டடம். யார் கண்ணு வெச்சாங்களோ, உள்ளுக்குள்ள என்ன பேரம் படிஞ்சுதோ! முப்பது வருஷமா அங்கேயே கிடக்கறேன். முத்துக்குளிக்கப் போனவன் போட்ட செப்புத் தலைக்கவசத்தைப் பச்சப் பிள்ளையைக் குளிப்பாட்டற மாதிரி துடைச்சு வெச்சிருக்கேன். அதைக் கிடங்குல போட்டுப் பூட்டப் போறாங்க. நீங்க அதை ஒரு தடவை தொட்டிருப்பீங்களா மேடம்?"

"இவங்க விலகணும்னு நினைக்கறவங்க கையைத் தூக்குங்க" என்றார் தலைவர்.

பட்டியலில் இடம் கிடைத்த பதினேழு பேரில் பதினாறு பேர் உடனே தூக்கினார்கள். ஒருவர் மட்டும் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு அவரும் தூக்கினார்.

அந்தப் பெண்மணி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அடுத்த புதன்கிழமை சட்டத்துக்கு விதிமுறை எழுதற கூட்டம் இருக்கு. நம்ம தரப்புல யாராவது அவசியம் போங்க. போகலேன்னா இந்தச் சட்டம் வெறும் காகிதம்தான்."

யாரும் அவரை வாசல்வரை வழியனுப்பப் போகவில்லை.

"விட்டு விளாசிட்டேன்" என்று அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னார் காப்பாட்சியர். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பத்தாம் நாள் லாரி வந்தது. நங்கூரம், கப்பல் மணி, வரைபடங்கள் எல்லாம் ஏறின. தலைக்கவசத்தை வைக்கோலில் பொதிந்து பெட்டிக்குள் வைத்து ஆணி அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் அவர் கண்ணை மூடித் திறந்தார். கடைசியில் வெறும் சுவர்களில் படங்கள் மாட்டியிருந்த தடம் மட்டும் இருந்தது. விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மனைவி ஒரு பார்சலோடு வந்தார். "ஏங்க, உங்களுக்குத்தான். அனுப்பினவங்க பேரைக் காணோம்."

அவர் எழுந்து வருவதற்குள் மனைவியே பிரித்துவிட்டார். உள்ளே, விண்ணப்பத்தோடு அனுப்பியிருந்த பார்வையாளர் பதிவேடு. சில பக்கங்களில் சின்னச் சின்னக் காகிதத் துண்டு செருகியிருந்தது.

மனைவி ஒரு பக்கத்தைப் பிரித்தார். "இது புயலடிச்ச அன்னிக்குத் தேதி. அன்னிக்கு நீங்க வீட்டை விட்டே போகலையே? இருநூத்திப் பன்னெண்டு பேர் வந்து பார்த்ததா எழுதியிருக்கு?"

அவர் அதை வாங்கக் கை நீட்டினார்.

மனைவி மேலும் புரட்டினார். "பேரெல்லாம் வேற வேற. ஆனா எழுத்து ஒண்ணுதான். ஏங்க, இது உங்க எழுத்து!"

"வருஷத்துக்கு அஞ்சாயிரம் பேர் வந்திருக்கணும்னு சட்டம். நமக்கு வந்தது எண்ணூறு. நான் வேற என்ன செய்யட்டும், சொல்லு?"

பதிவேட்டுக்குள்ளிருந்து ஒரு கடிதம் நழுவி விழுந்தது. அவர் குனிந்து எடுத்தார்.

'ஐயா, எல்லாப் பதிவேடுகளின் அசலையும் அதிகாரிகள் கேட்டார்கள். கொடுப்பதற்கு முன் புரட்டிப் பார்த்தேன். அவர்கள் பார்த்திருந்தால் உங்கள் வேலையும் ஓய்வூதியமும் போயிருக்கும். வழக்கும் வந்திருக்கும். மற்ற பதினேழு பேர் சொல்வதையும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். விண்ணப்பத்தை வாபஸ் வாங்கினால் அசல் தேவையில்லை என்றார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. பொறுப்பை விட்டு வந்துவிட்டேன். இந்தப் பதிவேடு இனி கூட்டமைப்பு அலுவலகத்தில் இருக்க வேண்டாம். அந்தத் தலைக்கவசத்துக்காக நானும் வருந்துகிறேன்.'

மனைவி கடிதத்தை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போன் அடித்தது. கூட்டமைப்பின் தலைவர்.

"சார், ஒரு நல்ல சேதி. அரசாங்கத்தோட பேசற அந்தப் பொறுப்புக்கு எல்லாரும் ஒரே குரல்ல உங்க பேரைத்தான் சொல்றாங்க. இந்தத் தடவையாவது ஒரு நேர்மையான ஆள் வேணுமாம்!"