கண் மூடும் கவுன்சிலர்

ஜூஜுவாடியில் மழைக்கு முந்தைய மங்கல் வெளிச்சம் புதிய தண்ணீர்த் தொட்டியின் மேல் படிந்திருக்கிறது. ரிப்பனுக்கு முன்னால் கத்தரிக்கோலோடு நிற்கிறார் கவுன்சிலர் சாந்த் பாஷா. ஃப்ளாஷ் மின்னும்போதெல்லாம் முகம் தானாகத் திரும்பிக்கொள்கிறது, கண்கள் இறுக மூடிக்கொள்கின்றன. இருபத்தெட்டு வருடம் வெல்டிங் பட்டறையில் பொறி வெளிச்சத்துக்கு மூடிப் பழகிய கண், பதவியேற்ற ஒரே மாதத்தில் மாறிவிடுமா? “பாய், மறுபடியும் மூடிட்டீங்க,” என்கிறான் போட்டோ எடுக்கும் ரெக்ஸ். கூட்டம் சிரிக்கிறது. அவருக்குக் காது மடல் சுடுகிறது. “என்னைப் பாக்காதீங்க பாய், அந்த ஏணியப் பாருங்க.” பார்க்கிறார். தொட்டிக்கு ஏறும் இரும்பு ஏணி. பளபளக்கும் வெள்ளிப் பெயிண்டுக்கு அடியில் ஒவ்வொரு படியும் இரண்டே பொட்டு வெல்டிங்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிட்டே போய் ஒரு படியைப் பிடித்து அசைக்கிறார், அது ஆடுகிறது. தொட்டி கழுவ வாராவாரம் ஏறப்போகிற முனிராஜ் பக்கத்தில்தான் நிற்கிறான். “இதுல நீ ஏறக் கூடாது, முனிராஜு.” தொட்டி கட்டிய காண்டிராக்டரின் சிரிப்பு பாதியில் நிற்கிறது. சாந்த் பாஷா கத்தரிக்கோலைத் தாம்பாளத்தில் திருப்பி வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிடுகிறார். “ரிப்பன் அப்படியே இருக்கட்டும். நம்ம பட்டறையில இருந்து வெல்டிங் மிஷின எடுத்தாரச் சொல்லுங்க.” பார்வை அந்தப் படியை விட்டு நகரவில்லை. ஃப்ளாஷ் மின்னுகிறது. அவர் கண் இமைக்கவில்லை.