இன்ஸ்பெக்டரின் மீசை

"மீசை மட்டும் வேணாம்ணே. வேற எது வேணா ஒட்டுங்க" என்றார், கண்ணாடியில் என்னைப் பார்த்து.

இருபத்திரண்டு வருடமாக முகங்களுக்கு மேக்கப் போடுகிறேன். மீசை வேண்டாம் என்று அடம்பிடித்த இன்ஸ்பெக்டர் வேஷக்காரரை அன்றுதான் பார்த்தேன்.

காரணம் கேட்டதற்கு, அரிக்கும் என்றார். தலைக்கு மேல் மூன்று கிலோ சவுரி வைத்துக் கிழவி வேஷம் கட்டியபோது அரிக்காதது, இதில் அரிக்குமாம்.

நாங்கள் அவரை 'நொடி' என்றுதான் சொல்வோம். ஜோக்கைச் சொல்லி, அரங்கமே சிரித்து ஓய்ந்த பிறகும் ஒரு நொடி சும்மா நிற்பார். அப்புறம்தான் அடுத்த வரி வரும். அந்த இடைவெளியில் பாதிப் பேர் இரண்டாம் முறை சிரித்துவிடுவார்கள். என்ன கணக்கு பார் இந்த மனுஷனுக்கு என்று நான் வியக்காத வாரமில்லை.

அவர் தொடங்கியது ஓர் உணவகத்து மாடியில், ஸ்டாண்ட்-அப் காமெடியில். கூட்டம் பதினொரு பேர். அதில் ஒருவர் அவருடைய அக்கா. இன்னொருவன் மழைக்கு ஒதுங்கிய நான்.

மற்றவர்கள் மைக்கை விழுங்கிவிடுவதுபோல வாயருகே வைத்துப் பேசினார்கள். இவர் மட்டும் அதை நெஞ்சுக்குக் கீழே பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினார். ஒலி ஆபரேட்டர் தலையில் அடித்துக்கொண்டார். இன்றைக்குப் புதிதாக மேடையேறுகிற அத்தனை பேரும் மைக்கை நெஞ்சுக்குக் கீழேதான் பிடிக்கிறார்கள். கேட்டால் ஸ்டைலாம்.

பிறகு தொலைக்காட்சி, அதுவும் அரங்கு நிறைய ஜனங்களை உட்காரவைத்து. வாரம் நாலு ஸ்கெட்ச் என்கிற குட்டி நாடகம், நாலு வேஷம். பல் டாக்டராக வந்தபோது முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு, நோயாளி மேல் எச்சில் தெறிக்கத் தெறிக்கப் பேசினார். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதைக் கொடுத்தாலும் வேஷமாக்கிவிடுகிற ஆள். அவருக்கு ஒரு மீசையில் என்ன வந்தது?

கதவைத் திறந்து புது இயக்குநர் தலையை மட்டும் நீட்டினார்.

"வாயே தெரியாத அளவுக்கு மீசை வேணும் சார், அதான் காமெடியே. முடியாதுன்னா சொல்லிடுங்க, ஸ்கெட்சையே தூக்கிடறேன்."

அந்த ஸ்கெட்சில் இன்னும் ஆறு பேருக்கு வேஷம் இருந்தது. திருடனாக நடிப்பவருக்குத் தொலைக்காட்சியில் அதுதான் முதல் வாய்ப்பு. காலையிலிருந்து சாப்பிடாமல் வசனத்தை முணுமுணுத்துக்கொண்டு வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார்.

நொடி கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒட்டுங்கண்ணே. அக்கா வந்தாச்சான்னு மட்டும் கொஞ்சம் பாக்கச் சொல்லுங்க."

அக்கா வந்திருந்தார். வராத வாரம் ஏது? முன்வரிசையில் நடு இருக்கை அவருக்கென்றே இருக்கும். ஆனால் பின்னாலிருந்து எத்தனை தடவை நலம் விசாரித்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். தம்பி பெரிய ஆளாகிவிட்ட தலைக்கனம் என்று இதே மேக்கப் அறையில் நானே வாய்கூசாமல் பேசியிருக்கிறேன்.

முடிமுடியாக வைத்து நாற்பது நிமிடம் ஒட்டினேன். மேலுதடு முழுசாக மறைந்து, கீழுதட்டிலும் பாதி காணாமல் போயிற்று. என் கைக்கு நானே முத்தம் கொடுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

படப்பிடிப்பு தொடங்கியது. நான் திரையோரம் பவுடர் டப்பாவோடு நின்றேன்.

முதல் வரியைச் சொன்னார். அரங்கம் அதிர்ந்து ஓய்ந்தது.

நொடி காத்திருந்தார். ஒரு நொடி ஆயிற்று. மூன்று ஆயிற்று. ஐந்தும் ஆயிற்று.

அடுத்த வரி வரவில்லை.

வசனம் மறந்துவிட்டது என்றே நினைத்தேன். திருடன் திருதிருவென்று விழித்தார். இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நொடி கையைத் தூக்கி, மீசையின் ஒரு நுனியைப் பிடித்து, சர்ரென்று உரித்தார். என் நாற்பது நிமிடமும் அதோடு போயிற்று.

உரித்ததைத் திருடனின் மூக்குக்குக் கீழே வைத்து அழுத்தினார்.

"கொஞ்சம் வச்சுக்கடா, இன்ஸ்பெக்டருக்கு வேர்க்குது."

கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று. மீசை முளைத்த திருடனுக்கும் சேர்த்துக் கைதட்டினார்கள். இயக்குநரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆபத்தான இடத்தில் இப்படி ஒன்றைக் கண நேரத்தில் பிடிக்க, எனக்குத் தெரிந்து வேறு ஆள் கிடையாது.

சத்தம் அடங்கியதும் நொடி அடுத்த வரிக்குப் போகவில்லை. ஏற்கெனவே சொன்ன அதே முதல் வரியை, முன்வரிசையைப் பார்த்து, நிதானமாக மறுபடி சொன்னார்.

அவர் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன்.

அக்கா இருக்கையின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அவர் பார்வை தம்பியின் உதட்டிலேயே இருந்தது. அது அசைவதற்கேற்ப அவருடைய உதடும் லேசாக அசைந்தது.

அரங்கம் சிரித்து ஓய்ந்தது. நான் மனதுக்குள் எண்ணினேன்.

சரியாக ஒரு நொடி.

அக்கா சிரித்தார். தன் சத்தம் தனக்கே கேட்காதவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது. பக்கத்து இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மைக் ஏன் நெஞ்சுக்குக் கீழே போனது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கண் கலங்கிவிட்டது. பவுடர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு நானும் கை தட்டினேன்.

நொடி அடுத்த வரிக்குப் போனார்.