எலிஹு கேட்ட ஏலம்

“முந்நூறு டாலர்!” என்று கத்தினார் எலிஹு. நீதிமன்றப் படிக்கட்டில் கூடியிருந்த கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

பார்க்காமல் என்ன செய்யும்? அடிமை வைப்பது பாவம் என்று இருபது வருடமாக வட கரோலினா முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்த குவேக்கர் சபைக் கிறிஸ்தவர் அவர். இன்று அடிமை ஏலத்தில் நின்று விலை கேட்கிறார்!

“புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?” சபைக்காரர் ஒபாடியா அவர் கையைப் பிடித்து இழுத்தார். “ஆளை விலைக்கு வாங்கினா சபையை விட்டே தள்ளிடுவாங்க. மனு எழுது, ஜெபம் பண்ணு. அதோட நிறுத்திக்க.”

“மனு எழுதி முடிக்கறதுக்குள்ள அந்த அடிமை வியாபாரி கேசியாவை ஜார்ஜியாவுக்கு ஓட்டிட்டுப் போயிடுவான்யா! புருஷன், மூணு புள்ளைங்க எல்லாம் இங்கதான இருக்கு?”

விற்பனைக்காக மேல்படியில் நிறுத்தப்பட்டிருந்த கேசியா, ஜார்ஜியா வியாபாரியைப் பார்க்கவே இல்லை. எலிஹுவைத்தான் முறைத்துக்கொண்டிருந்தாள்.

“எசமான் இல்லாம திரிஞ்சவ. சட்டப்படி பிடிச்சு மாவட்டமே விக்குது,” என்று கூவினார் ஷெரிப். “முந்நூறு ஒரு தரம்...”

“முந்நூத்தம்பது,” என்றான் வியாபாரி.

எலிஹு மனசுக்குள் கணக்குப் போட்டார். குதிரையையும் வண்டியையும் விற்றால்கூட நானூறுக்கு மேல் தேறாது.

“நானூறு!”

வியாபாரி கேசியாவை ஏற இறங்கப் பார்த்தான். காறித் துப்பிவிட்டு விலகிப் போனான். ஒபாடியாவும் தலையில் அடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கிரயச் சீட்டு கைக்கு வந்ததும் எலிஹுவுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு மனுஷிக்குத் தான் எசமானா? சீச்சீ!

“இந்தப் பாவம் ஒரு நிமிஷம்கூட எனக்கு வேண்டாம்மா. நீ சுதந்திரமாப் போகலாம்னு இப்பவே எழுதித் தந்துடறேன்.” சீட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு பேனாவை மையில் தோய்த்தார்.

ஷெரிப் விழுந்து விழுந்து சிரித்தார். “எழுதுய்யா, நல்லா எழுது! போன தடவையும் உன் பேச்சைக் கேட்டுத்தான இவ எசமான் இவளை விடுதலை பண்ணினான்? கோர்ட்டு சம்மதம் இல்லாம விட்டா அவ எசமான் இல்லாதவ. பிடிச்சு விக்கறது என் வேலை. அடுத்த மாசம் இதே படியில பார்ப்போம்.”

எலிஹு சீட்டின் மேல் குனிந்தார். பேனா காகிதத்தைத் தொட்டுவிட்டது.

கேசியா பாய்ந்து அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

“ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இன்னொரு தடவை என்னை விடுதலை பண்ணாதீங்க!”