செய்த கை

கணவன் எட்வின் ரிப்பேர் செய்து கொடுத்ததிலிருந்து, ஹெப்சிபாவின் பழைய இத்தாலிய டபுள் பேஸ் வாத்தியம் முன்னைவிட நன்றாக ஒலித்தது. அதுதான் அவளை உறுத்தியது. அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து, மரத்தின் உளித்தடத்தைப் படித்து, அதைச் செய்தவர் யாரென்று சொல்லும் போனை வாத்தியத்தின் முதுகில் வைத்தாள்.

“உங்கள் கட்டிலைச் செய்த அதே கை” என்றது போன்.

கட்டிலைச் செய்தவன் எட்வின். துண்டோடு வெளியே வந்தவனை மறித்தாள்.

“என் அசலை யாருக்கு வித்த?”

“விக்கல. நான் செஞ்சதுன்னா நீ தொடக்கூட மாட்டே. அதான் மாத்தி வச்சேன்.”

“அப்ப அது எங்க?”

“நம்ம வாத்தியக் கடையிலதான் நிக்குது, என் பேரை ஒட்டி வச்சிருக்கேன். வர்றவனெல்லாம் வாசிச்சுப் பாக்கறான். லோக்கல் சரக்கு, சத்தமே சரியில்லைன்னுட்டுப் போயிடறான்.”