மாப்பிள்ளை வீட்டுக் கொழுக்கட்டை

றிஸ்லா வட்டமாக வெட்டிய மாவில் மசித்த உருளைக்கிழங்கை வைத்து மடித்து, ஓரத்தை விரலால் அழுத்தி மூடினாள். போன வாரம் எல்லாமே தண்ணீரில் பிரிந்து கொட்டின. இன்று ஒன்றுகூடப் பிரியவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க உம்மா ஸக்கியாவுக்குப் பயம்தான் கூடியது.

போலந்தில் வீட்டுக்கு வீடு செய்வார்களாம், பெயர் பியரோகி. ஸக்கியாவைக் கேட்டால், பொரிக்க மறந்த பற்றீஸ் என்பாள். மகளோ மாமியாரிடம் போனில் கேட்டுக் கேட்டு, தயிரைச் சீலையில் கட்டிப் பிழிந்து கிழங்கோடு சேர்க்கிறவரைக்கும் பழகிவிட்டாள்.

கற்பிட்டிக் கடலில் இடுப்பில் பட்டம் கட்டி அலைமேல் சறுக்கப் போலந்திலிருந்து வந்த பிள்ளை ஆதம். கலிமாச் சொல்லி இஸ்லாத்துக்கு வந்தபோது பெயரைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. தங்கமான மருமகன்தான். ஆனால் நிக்காஹ் முடிந்த கையோடு ஊருக்குப் போனவன் இன்று திரும்பி வருகிறான். றிஸ்லாவைக் கூட்டிக்கொண்டு போகாமல் வேறு எதற்கு?

வாப்பாவும் மகளும் குசுகுசுத்தார்கள், ஸக்கியாவைக் கண்டால் வாயை மூடிக்கொண்டார்கள். புருஷன் மர்ஸூக் ஒரு மூட்டை கோதுமை மா வாங்கிப் போட்டிருந்தார். ஏன் என்று கேட்டதற்குச் சிரித்து மழுப்பினார்.

தொண்ணூறில் சனத்தோடு சனமாக விரட்டப்பட்டு, மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவள் ஸக்கியா. இருக்கிற ஒரே பிள்ளையையும் பனி தேசத்துக்கு அனுப்பிவிட்டு இருக்க அவளால் ஏலாது.

மகள் வெங்காயம் எடுக்கத் திரும்பிய நேரம், ஸக்கியா மிச்சக் கிழங்கில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுப் பிசைந்தாள். ஆதம் தின்று பார்த்துத் தாயிடம் சொன்னால், சமைக்கத் தெரியாத மருமகள் வேண்டாம் என்று அந்த மாமியாரே சொல்லட்டும். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் பிசைந்தாள்.

வாசலில் வேன் வந்து நின்றது. ஆதம் இறங்கினான். அவனுக்குப் பின்னால் தொப்பி போட்ட பருத்த பெண்ணொருத்தி மூச்சு வாங்க இறங்கினாள். போனில் பார்த்த அதே முகம். பிறகு பெட்டி பெட்டியாகச் சாமான் இறங்கியது.

ஸக்கியா மகளிடம் திரும்பினாள். "என்ட புள்ளயக் கொண்டு போக மாமியாரே வந்திருக்காவா?"

றிஸ்லா உம்மாவின் தோளைப் பிடித்தாள். முந்தியே சொன்னால் ஏசுவீங்க என்றுதான் வாப்பா மறைத்தாராம்.

"மாப்பிள்ள பொண்ணு வீட்டோட வந்து இருக்கிறதுதானே உம்மா நம்மட வழக்கம், அதான் அவரு தன்ட உம்மாவோடயே வந்துட்டாரு."